‘கிரியாட்டினின் நார்மல்’ என்ற பிறகும் சிறுநீரகம் கெடுவது எப்படி? செப்சிஸ் நோயாளிகளுக்குச் சிறுநீர் தரும் முன்னெச்சரிக்கை

பூம்புகாரிலிருந்து சீர்காழி அரசு மருத்துவமனைக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். மயிலாடுதுறை அரசு பெரியார் மருத்துவமனைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடும் காய்ச்சலில் துவண்டு கிடப்பவரை ஆட்டோவிலோ 108 ஆம்புலன்ஸிலோ ஏற்றும் குடும்பத்துக்கு இந்தத் தூரம்தான் முதல் கவலை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததும் அடுத்த கவலை, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்.

அந்த ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் அளவு நார்மல் என்று இருந்தால், ‘கிட்னிக்கு ஒண்ணும் இல்ல’ என்று வீட்டார் மூச்சு விடுகிறார்கள். ஆனால் செப்சிஸ் எனப்படும் தீவிரத் தொற்று நிலையில், முதல் நாள் வரும் அந்த ‘நார்மல்’ பல நேரம் நம்பத்தக்கதல்ல. இரண்டாவது, மூன்றாவது நாளில் எண் ஏறும்போது, சிறுநீரகம் அடிபட்டு ஒன்றிரண்டு நாள் ஆகியிருக்கும். ‘உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்ற வார்த்தை அப்போதுதான் வரும்.

இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் உலகெங்கும் சிறுநீரில் புதிய ‘உயிரிக்குறி’களைத் தேடும் ஆராய்ச்சி 20 ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. அது எதுவரை வந்திருக்கிறது? காவிரி டெல்டாவுக்கு அதனால் என்ன பயன்? புதிய கிட் வருவதற்கு முன்பே செய்ய முடிந்தது என்ன?

செப்சிஸ் என்றால் என்ன?

‘ரத்தத்துல கிருமி கலந்துடுச்சு’ என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான். ஆனால் அந்த விளக்கம் பாதிதான் சரி. கிருமியை எதிர்க்க உடல் காட்டும் எதிர்வினையே கட்டுப்பாடு இழந்து, சொந்த உறுப்புகளைச் சேதப்படுத்துவதுதான் செப்சிஸ். 2016-ல் சர்வதேச நிபுணர் குழு வகுத்த வரையறையும் இதுதான். நுரையீரல் தொற்று, சிறுநீர்த் தொற்று, ஆறாத காலில் புண், பிரசவத்துக்குப் பிந்தைய தொற்று என எதிலிருந்தும் இது தொடங்கலாம். எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக்காய்ச்சல், மலேரியா ஆகியவை முற்றினாலும் இதே நிலைதான்.

2017-ம் ஆண்டில் உலகம் முழுவதும் 4.89 கோடி பேருக்கு செப்சிஸ் ஏற்பட்டது என்றும், 1.1 கோடி பேர் அது தொடர்பாக இறந்தார்கள் என்றும் 2020-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதாவது, அந்த ஆண்டில் இறந்த ஐந்து பேரில் ஒருவர்.

சிறுநீரகம் ஏன் அடிவாங்குகிறது?

ஐசியுவில் ஒருவருக்குச் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்பட்டால், அதற்குப் பின்னால் அதிகம் இருக்கும் காரணம் செப்சிஸ். 23 நாடுகளின் ஐசியுக்களில் நடத்தப்பட்டு 2005-ல் வெளியான ‘பெஸ்ட் கிட்னி’ ஆய்வில், தீவிர சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டவர்களில் 47.5 சதவீதத்தினருக்கு செப்டிக் ஷாக் ஒரு காரணமாக இருந்தது.

ரத்த அழுத்தம் இறங்கி, சிறுநீரகத்துக்கு ரத்தம் போகாததால்தான் இப்படி ஆகிறது என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. அது ஓரளவுக்குத்தான் உண்மை. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தின் அளவு குறையாதபோதும் செப்சிஸில் அது செயலிழப்பதை விலங்குகள் மீதான ஆய்வுகள் காட்டின. அழற்சி வேதிப்பொருள்கள் வடிகட்டப்பட்டு, சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களை நேரடியாகத் தாக்குகின்றன. மிக நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஓட்டம் சீர்குலைகிறது. அடிபட்ட செல்கள் உயிர் பிழைக்க, செய்யும் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. இந்தக் கட்டத்தில் கவனித்தால் பெரும்பாலும் மீட்க முடியும். கவனிக்கத் தவறினால்தான் டயாலிசிஸ் வரை போகிறது.

கிரியாட்டினின் ஏன் தாமதமாகச் சொல்கிறது?

கிரியாட்டினின் என்பது தசைகளில் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. வெளியேற்றம் குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு கூடும். வயலில் தண்ணீர் நிற்கும் அளவைப் பார்த்து, வடிகால் வாய்க்கால் அடைத்திருக்கிறதா என்று கணிப்பது போன்றது இது. வடிகால்கள் நிறைய இருந்தால், சில அடைபட்டாலும் வயலில் நீர்மட்டம் உடனே ஏறாது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. கணிசமான பகுதி வேலை செய்யாமல் போன பிறகே ரத்தத்தில் எண் ஏறத் தொடங்கும்.

செப்சிஸில் இன்னும் இரண்டு சிக்கல் சேர்கிறது. நோயின் கடுமையில் தசை உண்டாக்கும் கிரியாட்டினினே குறைகிறது. சிகிச்சைக்காக ஏற்றும் குளுக்கோஸ், சலைன் பாட்டில்கள் ரத்தத்தில் இருக்கும் கிரியாட்டினினை நீர்க்கச் செய்கின்றன. இரண்டும் சேர்ந்து எண்ணைச் செயற்கையாகக் கீழே வைத்திருக்கின்றன.

ஒரு கணக்கு பார்க்கலாம். நடவு வேலைக்குப் போகும், 45 கிலோ எடையுள்ள ஒரு பெண். தசை குறைவு என்பதால் நல்லா இருக்கும்போது அவருடைய கிரியாட்டினின் 0.5 மில்லிகிராம்தான். காய்ச்சலோடு சேர்க்கப்பட்டு இரண்டாம் நாள் எடுத்த ரிப்போர்ட்டில் 0.9. லேப் ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ‘நார்மல்’ வரம்புக்குள் இந்த எண் அடங்கிவிடும். ஆனால் 2012-ல் ‘கேடிகோ’ என்ற சர்வதேசச் சிறுநீரக அமைப்பு வகுத்த விதிப்படி, 48 மணி நேரத்துக்குள் 0.3 மில்லிகிராம் கூடினாலோ, 7 நாளுக்குள் பழைய அளவைப்போல் ஒன்றரை மடங்கானாலோ அது திடீர் சிறுநீரகப் பாதிப்பு. இந்தப் பெண்ணுக்கு 0.4 கூடியிருக்கிறது, 1.8 மடங்காகியிருக்கிறது. காய்ச்சலுக்கு முன்பு அவருடைய அளவு என்ன என்று யாருக்கும் தெரியாது என்பதால், ரிப்போர்ட்டைப் பார்ப்பவர் ‘நார்மல்’ என்றுதான் படிப்பார்.

சிறுநீரில் என்ன தெரியும்?

கிரியாட்டினின், சிறுநீரகத்தின் வேலை குறைந்ததைச் சொல்லும். புதிய உயிரிக்குறிகள், சிறுநீரகச் செல் அடிபட்டதைச் சொல்லும். வயலில் நீர்மட்டம் ஏறக் காத்திராமல், வாய்க்கால் கரை இடிந்து மண் தண்ணீரில் கலப்பதைப் பார்த்தே எச்சரிக்கையாவது போன்றது இது. முக்கியமானவை மூன்று வகை.

முதலாவது என்ஜிஏஎல் என்ற புரதம். நுண்குழாய்ச் செல்கள் காயப்பட்ட சில மணி நேரத்தில் சிறுநீரில் இது பல மடங்கு கூடும். அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் பிரசாத் தேவராஜன் குழுவினர், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 71 குழந்தைகளைக் கவனித்தார்கள். அவர்களில் 20 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் 2 மணி நேரத்திலேயே என்ஜிஏஎல் ஏறியிருந்தது. கிரியாட்டினின் ஏற 1 முதல் 3 நாள் ஆனது. 2005-ல் ‘லான்செட்’டில் வெளியான இந்த முடிவுதான் இத்துறைக்குப் பெரிய நம்பிக்கை தந்தது.

இரண்டாவது கிம்-1. நுண்குழாயின் முற்பகுதிச் செல்கள் சேதமடையும்போது சிறுநீரில் வெளிப்படும் புரதம் இது.

மூன்றாவது, டிம்ப்-2, ஐஜிஎஃப்பிபி-7 என்ற இரண்டு புரதங்களின் கூட்டு. நெருக்கடியில் இருக்கும் செல், பிரிந்து பெருகும் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தும்போது வெளியிடும் சைகை என்று இதைச் சொல்லலாம். இரண்டையும் பெருக்கிக் கிடைக்கும் எண் 0.3-ஐத் தாண்டினால், அடுத்த 12 மணி நேரத்தில் நடுத்தர அல்லது கடும் சிறுநீரகப் பாதிப்பு வரும் ஆபத்து அதிகம். ‘நெஃப்ரோசெக்’ என்ற பெயரில் வந்த இந்தச் சோதனைக்கு 2014 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. என்ஜிஏஎல் சிறுநீர்ச் சோதனைக்கு அங்கே 2023 டிசம்பரில்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் 3 மாதக் குழந்தை முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும்.

2020-ல் நிபுணர் குழு ஒன்று இன்னொரு படி முன்னே போனது. கிரியாட்டினின் ஏறாவிட்டாலும், சிறுநீர் குறையாவிட்டாலும், உயிரிக்குறி மட்டும் கூடியிருந்தால் அதைச் சிறுநீரகப் பாதிப்பின் தொடக்க நிலையாகக் கருத வேண்டும், ‘1எஸ்’ என்று தனியாகக் குறிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அப்போ உடனே எல்லா ஆஸ்பத்திரிக்கும் வாங்கிடலாமே?

அவ்வளவு எளிதல்ல. என்ஜிஏஎல்லை உண்டாக்குவது சிறுநீரகம் மட்டுமல்ல. கிருமியோடு சண்டையிடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களும்தான். செப்சிஸில் அந்த அணுக்கள் முழு வேகத்தில் வேலை செய்யும். அதனால் சிறுநீரகம் நல்லா இருக்கும்போதே ரத்தத்தில் என்ஜிஏஎல் ஏறிவிடலாம். சிறுநீரில் அளந்தால் இந்தக் குழப்பம் குறையும்; ஆனால் முழுவதும் நீங்காது. சிறுநீர்த் தொற்று இருந்தாலும், முன்பே நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தாலும் எண் கூடும். தண்ணீரில் கலங்கல் தெரிகிறது. அது நம் வாய்க்கால் கரை மண்ணா, மேட்டில் இருந்து அடித்து வந்த மண்ணா என்று பிரிப்பது கஷ்டம்.

இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறைக்கு ஆலோசனை சொல்லும் ‘நைஸ்’ அமைப்பு, 2020 ஜூனில் என்ஜிஏஎல், நெஃப்ரோசெக் சோதனைகளைப் பரிசீலித்தது. இவற்றை வழக்கமான பயன்பாட்டுக்குப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை, மேலும் ஆய்வு வேண்டும் என்று முடிவு சொன்னது. பணக்கார நாடே பொறுத்துப் பார்க்கும் ஒன்றை, ‘நவீன சோதனை’ என்ற விளம்பரத்தைப் பார்த்து நோயாளியின் பையிலிருந்து காசு எடுத்து வாங்கச் சொல்வது நியாயமல்ல.

முன்கூட்டியே தெரிந்து என்ன பயன்?

பாதிக்கப்பட்ட சிறுநீரகத்தை நேரடியாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. பிறகு எதற்கு முன்கூட்டித் தெரிய வேண்டும்? ‘சீக்கிரம் தெரிஞ்சா சீக்கிரம் டயாலிசிஸ் பண்ணிடலாம்’ என்று சிலர் நினைக்கலாம். அது தவறு. செப்டிக் ஷாக்கில் இருந்த 488 பேரை வைத்து பிரான்சில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே டயாலிசிஸ் தொடங்கியதால் உயிரிழப்பு குறையவில்லை. பொறுத்துப் பார்த்த குழுவில் 29 சதவீதம் பேருக்கு டயாலிசிஸ் இல்லாமலே சிறுநீரகம் தேறியது.

பயன் வேறு இடத்தில் இருக்கிறது. ஆபத்து தெரிந்தால் மருத்துவர் சில வேலைகளைச் செய்வார், சிலவற்றை நிறுத்துவார். டைக்ளோஃபினாக் போன்ற வலி நிவாரணிகளை நிறுத்தலாம். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளுக்கு மாற்று தேடலாம். ரத்த அழுத்தத்தைக் கூர்ந்து கவனிக்கலாம். சலைனை அளந்து ஏற்றலாம். ஏனென்றால் குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பெரிய மருத்துவமனைக்கு எப்போது அனுப்புவது என்பதையும் நேரத்தோடு முடிவு செய்யலாம்.

இப்படிச் செய்தால் பலன் உண்டா? ஜெர்மனியின் மூன்ஸ்டரில் நடந்து 2017-ல் வெளியான ‘பிரெவ்-ஏகேஐ’ ஆய்வு ஒரு பதில் தருகிறது. இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு நெஃப்ரோசெக் எண் கூடியிருந்த 276 பேரில் ஒரு பாதியினருக்கு இந்தக் கவனிப்புகளைக் கண்டிப்பாகச் செய்தார்கள். அவர்களில் 55.1 சதவீதத்தினருக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்தது; வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 71.7 சதவீதம். ஆனால் இது அறுவை சிகிச்சை நோயாளிகள் பற்றியது. அடி எந்த நேரத்தில் விழுந்தது என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். வயல்காட்டில் காய்ச்சல் வந்து, நாலு நாள் மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருபவருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

டெல்டாவுக்கு இது ஏன் அவசரம்?

தமிழகத்தில் காய்ச்சலும் சிறுநீரகமும் எவ்வளவு நெருக்கமானவை என்பதற்கு வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் ஆய்வு ஒன்று சான்று. வெப்ப மண்டலக் காய்ச்சல்களோடு அங்கே சேர்க்கப்பட்ட 367 பேரைப் பற்றி 2011-ல் வெளியான அந்த ஆய்வில், 41 சதவீதத்தினருக்குத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. காய்ச்சலுக்கான காரணங்களில் பாதி, ஸ்க்ரப் டைபஸ். மேலை நாட்டு ஐசியுக்களில் உயிரிக்குறிகளைச் சோதித்தபோது இருந்த நோயாளிகள் வேறு. இங்கே வரும் நோயாளிகள் வேறு.

பூம்புகார், சீர்காழி பக்கம் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: தண்ணீர். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. மழை கொட்டியதை இந்தப் பகுதி மறந்திருக்காது. தேங்கிய நீரில் எலி, மாடு, நாயின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் கிருமி, காலில் இருக்கும் சிறு வெடிப்பு வழியாகவே உடலுக்குள் போகும். சம்பா வயலில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு மழைக்காலத்தில் இது அன்றாட ஆபத்து.

எலிக்காய்ச்சலில் ஒரு தந்திரம் இருக்கிறது. பல பேருக்குச் சிறுநீர் அளவு குறையாமலே சிறுநீரகம் பாதிக்கப்படும். ‘நல்லாத்தான் யூரின் போறாங்க’ என்பதை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. சிறுநீரில் உயிரிக்குறி பார்ப்பது உண்மையிலேயே கைகொடுக்கக்கூடிய இடம் இது. தாய்லாந்தில் எலிக்காய்ச்சல் நோயாளிகளிடம் என்ஜிஏஎல் பற்றிய பல மைய ஆய்வு 2015-ல் வெளியானது. இலங்கையில் கண்ணாடி விரியன் கடித்தவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டிக் கண்டறிய உயிரிக்குறிகள் உதவுமா என்ற ஆய்வு 2019-ல் வெளியானது. நெல் வயலும் மழையும் பாம்பும் உள்ள நம் அண்டை நாடுகள் தங்கள் நோயாளிகளிடமே இதைச் சோதித்துப் பார்த்திருக்கின்றன.

ஏற்கெனவே களைத்துப்போன சிறுநீரகங்கள் வேறு இருக்கின்றன. 2023-ல் தமிழகத்தின் விவசாயத் தொழிலாளர்கள் 3,350 பேரிடம் சென்னை மருத்துவக் கல்லூரி சிறுநீரகவியல் துறையினர் நடத்திய ஆய்வில், சுமார் 5 சதவீதத்தினருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. இப்படிப்பட்டவருக்குக் கடும் தொற்று வந்தால், தாங்கும் சக்தி குறைவாகவே இருக்கும்.

கிட் வருவதற்கு முன்பே என்ன செய்யலாம்?

முதலில், சிறுநீரை அளப்பது. கேடிகோ விதியின் இன்னொரு பாதி இதுதான்: ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லிக்குக் குறைவாக 6 மணி நேரம் சிறுநீர் போனால் அது சிறுநீரகப் பாதிப்பு. 50 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 25 மில்லி. 6 மணி நேரத்துக்கு 150 மில்லி. அதாவது ஒரு டம்ளருக்கும் குறைவு. கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே பல நோயாளிகளிடம் இந்த அறிகுறி தெரிந்துவிடும். இதற்குத் தேவை அளவு போட்ட ஒரு குவளை, ஒரு தாள், மணிக்கணக்கில் எழுதிவைக்க ஒரு நர்ஸ். ஒரே நர்ஸ் ஒரு வார்டு முழுவதையும் ஓடி ஓடிப் பார்க்கும் இரவுப் பணியில், முதலில் கைவிடப்படுவதும் இதே அளவுதான்.

இரண்டாவது, கிரியாட்டினினை ஒருமுறை பார்த்துவிட்டு விடாமல், முதல் இரண்டு மூன்று நாளும் திரும்பப் பார்ப்பது. ஒற்றை எண்ணைவிட, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் முக்கியம்.

மூன்றாவது, நிறம் மாறும் பட்டையால் செய்யும் எளிய சிறுநீர்ச் சோதனை. புரதமும் ரத்தமும் இருக்கிறதா என்று நிமிடங்களில் தெரியும். சர்வதேச சிறுநீரகவியல் சங்கத்தின் ‘0பை25’ திட்டம், நேபாளம், மலாவி, பொலிவியா ஆகிய மூன்று நாடுகளின் சாதாரண சுகாதார நிலையங்களில் இந்தப் பட்டையையும் விரல் நுனி ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கும் கையடக்கக் கருவியையும் வைத்தே திடீர் சிறுநீரகப் பாதிப்பைக் கண்டறிய முடியும் என்று செய்து பார்த்தது. அந்தக் கருவியும் பட்டையும் டெல்டாவின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எட்டாத கனவு அல்ல.

நான்காவது, ஐசியு உள்ள இடங்களில் ஃபுரோசெமைடு சோதனை. சிறுநீரைத் தூண்டும் இந்தப் பழைய, விலை குறைந்த ஊசியைக் கணக்கான அளவில் போட்டு, 2 மணி நேரத்தில் 200 மில்லிக்கு மேல் சிறுநீர் வருகிறதா என்று பார்ப்பது. வரவில்லை என்றால், பாதிப்பு முற்றும் வாய்ப்பு அதிகம். உடலில் நீர் வற்றியிருக்கும் நோயாளிக்கு இதைச் செய்யக் கூடாது. மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டிய சோதனை இது.

அரசு செய்ய வேண்டியது என்ன?

தமிழகத்தில் அடித்தளம் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வயிற்று வழி டயாலிசிஸுக்கான பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு வீட்டு வாசலுக்கு வரும் இந்த அக்கறை, கெடுவதற்கு முன்னால் உள்ள இரண்டு மூன்று நாளுக்கும் நீள வேண்டும்.

அதற்கு முதல் தேவை ஆள். காய்ச்சல் நோயாளிகளின் சிறுநீர் அளவைக் கட்டாயம் பதிவு செய்யச் சொல்லும் உத்தரவு போட்டால் மட்டும் போதாது. அளக்க நர்ஸ் வேண்டும். குறிப்பாக மழைக்கால மாதங்களில், சீர்காழி, மயிலாடுதுறை போன்ற தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளுக்குக் கூடுதல் பணியாளர் வேண்டும்.

அடுத்தது, நல்லா இருக்கும்போதே ஒரு எண். விவசாயத் தொழிலாளர்களுக்கும் மீனவர்களுக்கும் வருஷத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின் பார்த்து, வீட்டில் வைத்திருக்கும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தால், காய்ச்சல் வரும் நாளில் ஒப்பிட ஒரு எண் கையில் இருக்கும். மேலே சொன்ன 0.9-ஐ ‘நார்மல்’ என்று யாரும் படிக்க மாட்டார்கள்.

மூன்றாவது, ஆய்வு. 2020 டிசம்பரில் தனி மாவட்டமான மயிலாடுதுறையில் அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் வரவில்லை. ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று மூன்று அரசு மருத்துவக் கல்லூரிகள் சுற்றிலும் இருக்கின்றன. எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ், சிறுநீர்த் தொற்று என்று டெல்டாவில் செப்சிஸோடு வருபவர்களிடம் இந்தச் சிறுநீர் உயிரிக்குறிகளைச் சோதித்து, இங்கே எந்த எண்ணைத் தாண்டினால் ஆபத்து, எவருக்குப் பலன், எவருக்கு வீண்செலவு என்று கண்டறிய இவற்றால் முடியும். ஸ்க்ரப் டைபஸுக்கு இரண்டு ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்துக் கொடுப்பதே சிறந்தது என்று 2023-ல் உலகுக்குச் சொன்ன ஆய்வு, வேலூர் சிஎம்சி தலைமையில் இந்திய மருத்துவமனைகள் சேர்ந்து செய்ததுதான். சிறுநீரகத்துக்கும் அப்படி ஒன்றைக் கேட்பது பேராசை அல்ல.

நான்காவது, பின்தொடர்தல். காய்ச்சலோடு சிறுநீரகப் பாதிப்பும் வந்து தேறியவரை 3 மாதம் கழித்துத் திரும்ப அழைத்துப் பரிசோதிக்க வேண்டும் என்கிறது கேடிகோ. டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி எழுதப்பட வேண்டும். ‘சரியாயிடுச்சு’ என்று வயலுக்குத் திரும்பியவர், சில வருஷம் கழித்து டயாலிசிஸ் வார்டுக்கு வருவதைத் தடுக்கும் வழி அது.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

காய்ச்சலோடு மூச்சு வாங்குவது, குழப்பமாகப் பேசுவது, கை கால் சில்லிடுவது, எழுந்தால் தலை சுற்றி விழுவது, சிறுநீர் குறைவது அல்லது கறுத்துப் போவது, கண் மஞ்சளாவது, கெண்டைக்கால் தசையில் கடும் வலி. இதில் எது தெரிந்தாலும் மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம். செப்டிக் ஷாக்கில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். 108-ஐ அழைப்பதே சரி.

உடம்பு வலிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடுவதும், ‘ஒரு ஊசி போட்டா சரியாயிடும்’ என்று டைக்ளோஃபினாக் ஊசி போட்டுக்கொள்வதும், தொற்றால் தள்ளாடும் சிறுநீரகத்தின் மீது இன்னொரு சுமையை ஏற்றுவது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், அதுவும் சொன்ன அளவுக்குத்தான். உடலில் எங்காவது, குறிப்பாக அக்குள், தொடை இடுக்கில் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்; ஸ்க்ரப் டைபஸைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் அது. வயலில், தேங்கிய நீரில் வேலை செய்தீர்களா என்பதையும் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எது இருந்தாலும் கையோடு எடுத்துப் போங்கள். வார்டில் இருக்கும்போது, எவ்வளவு சிறுநீர் போனது என்று நேரத்தோடு ஒரு தாளில் எழுதிவைத்து, ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் காட்டலாம். ‘இன்னிக்கு கிரியாட்டினின் எவ்வளவு, நேத்து எவ்வளவு இருந்துச்சு?’ என்று தயங்காமல் கேட்கலாம்.

சிறுநீர் உயிரிக்குறிகள் நல்ல கண்டுபிடிப்பு. ஒருநாள் டெல்டாவின் தாலுகா மருத்துவமனை மேஜைக்கும் அவை மலிவாக வர வேண்டும். ஆனால் சிறுநீரை அளந்து எழுத ஆள் இல்லாத வார்டில், சிறுநீரில் புரதத்தைத் தேடும் கருவி மட்டும் வந்து இறங்கினால் யாருக்கும் பலன் இல்லை. முதலில் அளக்கும் குவளை, அதை எழுதிவைக்க ஒரு நர்ஸ். பிறகு கிட். டெல்டா இரண்டையும் கேட்க வேண்டும், இந்த வரிசையில்.